காரணம் 4

ஏழரைக்கு மணி அடித்தால் எட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாப் பாடசாலையிலும் உண்டு. பாடசாலைகளில் கற்றல் நிலை பற்றிய ஓர் ஆய்வுக்குத் தரவு சேகரிக்கப் போனபோது, அப்படிப் பிந்தி வருகிறவர்களுக்கென்று எங்கள் படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது. பிந்தியமைக்கான காரணங்கள் ஆறு: 1 நோய், 2 போக்குவரத்து, 3 வானிலை, 4 பெற்றோரின் கவனயீனம், 5 பிள்ளையின் விருப்பமின்மை, 6 வேறு. யாழ்ப்பாணத்தில் ஐந்து கல்வி வலயங்கள். தீவகத்தையும் சேர்த்து நான் மூன்றில் அலைந்தேன். பெட்டியில் இலக்கம் போடுவது சுலபமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

கரையோரத்தில் ஒரு வகை 3 பாடசாலை. தரம் 5 வரைதான் அங்கே. ஒரு பையன் எட்டேகால், எட்டரைக்கு வருவான். கால்களில் மணல், கைகளில் உப்பு வாடை. வகுப்பாசிரியை என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "அந்தப் பக்கத்துப் பிள்ளையள் அப்பிடித்தான் ரீச்சர். தாய் தகப்பனுக்கு அக்கறையில்லை." நானும் 4 போட்டேன். வரவு ஏட்டின்படி அந்தத் தவணையில் அவன் நேரத்துக்கு வந்த நாட்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். கணிதக் கொப்பியில் தசமப் பெருக்கல் முழுக்கச் சிவப்பு. 'மெல்லக் கற்பவர்' என்ற நிரலிலும் ஒரு சரி அடையாளம்.

அடுத்த கிழமை விடிய ஆறு மணிக்குப் பஸ் தவறவிட்டுக் கடற்கரை வீதியால் நடந்து வந்தேன். அந்தப் பஸ் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கரையில் அவனும் தாயும் வலையில் நண்டு கழட்டிக்கொண்டிருந்தார்கள். நண்டு கழட்டுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நண்டு வலையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு கிடக்கும். இழுத்தால் வலை அறும். கால் முறிந்தால் விலை குறையும். ஒவ்வொரு காலாக, கடி வாங்காமல், நூலை எந்தப் பக்கத்தால் எடுத்தால் அது விடும் என்று பார்த்துக் கழட்ட வேண்டும். அவன் பேசிக்கொண்டே கழட்டினான். நான் முயன்ற முதல் நண்டு என் விரலைக் கவ்வியது. அவன் சிரிக்கவில்லை. "பின்பக்கத்தால பிடியுங்கோ ரீச்சர்" என்றான்.

வாங்குகிறவர் வந்து நிறுத்தார். மூன்று கிலோ நானூறு கிராம், கிலோ ஆயிரத்து நூறு. தாய் மகனைப் பார்த்தார். அவன் தலை நிமிராமல் சொன்னான்: "மூண்டுக்கு மூவாயிரத்து முந்நூறு, நானூறு கிராமுக்கு நானூத்தி நாப்பது, மூவாயிரத்து எழுநூத்தி நாப்பது. முற்காசு ஐந்நூறைக் கழியுங்கோ, மூவாயிரத்து இருநூத்தி நாப்பது." வலை வாங்கக் கொடுத்த முற்காசுக்கு ஒவ்வொரு நாளும் ஐந்நூறு கழிவதும் அவன் கணக்கில்தான். கொப்பியில் 3.4ஐ எதாலாவது பெருக்கச் சொன்னால் புள்ளி எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியாது.

இது நம் கரைக்கு மட்டும் உரியதல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் செய்து 1985இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 வீதம் சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 வீதம். பயிற்சி வகுப்பில் இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கரும்பலகையில் எண்களை எழுதியே. கரையில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதைக் கேட்டு "அப்ப நண்டுக் கணக்கே போதும்" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் 200 புள்ளியில் நண்டுக்கு ஒரு புள்ளியும் இல்லை. வெட்டுப்புள்ளி தாண்டினால்தான் பட்டணத்துப் பாடசாலையும் உதவிப்பணமும். அந்தப் பையனுக்குத் தசமப் புள்ளி கட்டாயம் வேண்டும்.

சரி, அது ஏன் வரவில்லை? நேரசூசியைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் முதற் பாடம் கணிதம். "காலமைதான் மூளை தெளிவா இருக்கும்" என்று அதிபர் விளக்கினார். நேரத்துக்கு வருகிற பிள்ளைக்கு அது சரி. எட்டரைக்கு வருகிற இவன் ஒரு தவணை முழுக்கக் கணிதத்தின் வாலைத்தான் பார்த்திருக்கிறான். இடைவேளைக்குப் பிறகு மாற்றலாமா என்று கேட்டேன். வலயத்திலிருந்து வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அதிபர் யோசித்தார். ஒரு மாதத்துக்குப் பின் மாற்றினார், வாரத்தில் மூன்று நாள்.

இதைவிட என்னை உறுத்தியது பட்டணத்துப் படிவங்கள். அங்கேயும் பிந்துகிற பிள்ளைகள் இருந்தார்கள். இரவு ஒன்பது வரை ரியூசன், அதற்குப் பிறகு வீட்டுப்பாடம், காலையில் எழும்ப முடியவில்லை, பாடசாலை வானும் போய்விட்டது. அவர்களுக்கெல்லாம் நான் 2 போட்டிருந்தேன். போக்குவரத்து. அந்தத் தாய்தகப்பனைக் கவனயீனமானவர்கள் என்று எழுத என் கை எழும்பவேயில்லை. யாரும் அப்படி எழுதச் சொல்லவும் இல்லை.

'அந்தப் பக்கம்' என்ற சொல் யாழ்ப்பாணத்தில் வெறும் திசையல்ல. பிள்ளையின் முகவரியில் குறிச்சியின் பெயரைப் பார்த்தால் ஓய்வறையில் பாதிப்பேருக்கு மிச்சம் விளங்கிவிடும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வகுப்பில் சம ஆசனம் கேட்டபோது சில பாடசாலைகளைக் கொளுத்தினார்கள். இன்று எல்லாரும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். எங்கள் படிவத்தில் சாதி பற்றிக் கேள்வியே இல்லை, அது கவனமாக எடுக்கப்பட்ட முடிவு. முகவரி மட்டும் இருந்தது.

ஆய்வுக் குழுவில் பேசினேன். அடுத்த சுற்றுப் படிவத்தில் ஏழாவது காரணம் ஒன்று சேர்ந்தது: வீட்டுத் தொழிலில் உதவுதல். நாலாவதை எடுக்கச் சொன்னேன். முந்திய சுற்றோடு ஒப்பிட வேண்டும் என்பதால் எடுக்க முடியாதாம். அந்த விளக்கத்தில் நியாயம் உண்டு, எனக்கும் விளங்கியது.

பையன் தரம் 6க்கு வேறு பாடசாலைக்குப் போய்விட்டான். வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. தம்பி இப்போது தரம் 4இல், அவனும் பிந்தித்தான் வருகிறான். இரண்டாம் சுற்றில் அந்த வகுப்பின் படிவத்தை நிரப்பியது எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தங்கச்சி. நல்ல கெட்டிக்காரி. சரிபார்க்கும்போது அந்தத் தம்பியின் தாள் கையில் வந்தது. பெட்டியில் 7 என்று எழுதி, பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டு, 4உம் எழுதியிருந்தாள்.