அடையாளம் வைத்ததே வம்பானது

பழைய கார்டன் டிராக்டர். பெல்ட் கிடையாது, எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஷாஃப்ட்தான். கிளட்ச்சை விடும்போதெல்லாம் 'டக்'கென்று ஒரு சத்தம். வேகம் கூட்டினால் சீட்டுக்கு அடியில் நடுக்கம். ஷாஃப்ட்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருகினேன். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும், சாய்ந்தும் சுழலவிடும் யூனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது; பின்பக்க ஜாயின்ட்டில் ஆட்டம். அதன் நடுவிலிருக்கும் கூட்டல்குறி வடிவத் துண்டான கிராஸ் போய்விட்டது, சரி.

கிராஸ் மாற்றுவது பெரிய வேலை இல்லை, அங்கே கை போவதுதான் வேலை. கியர்பாக்ஸ் தண்டில் ஜாயின்ட்டின் கவை போன்ற யோக்கைப் பிடித்திருப்பது ஒரு ரோல் பின், குறுக்கே அடித்து இறக்கிய குழல் முளை. அதற்கு மேலே சுத்தியல் ஓங்க நாலு விரல் இடம்கூட இல்லை. சாய்த்து அடித்ததில் பஞ்ச் வழுக்கி, பின்னின் வாய் மழுங்கியதுதான் மிச்சம். சேஸிஸின் பக்கத் தகட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. எதற்கென்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை. பிளக் வயரைக் கழற்றி, நியூட்ரலில் போட்டு, கிளட்ச் பெடலை அமுக்கிக் கட்டிவிட்டு ஷாஃப்ட்டை மெதுவாகச் சுற்றினேன். ரோல் பின் அந்த ஓட்டைக்கு நேராக வந்து நின்றது. வெளியிலிருந்து நீள பஞ்ச், நாலே அடி.

புதுக் கிராஸை வைஸில் வைத்து அழுத்தும்போது அதன் முனைகளில் மாட்டும் தாங்கிக் கிண்ணங்களில் கடைசிக் கப் மட்டும் முழுசாக இறங்கவில்லை. கப் வெளியே வராமல் பிடிக்கும் சர்கிளிப் வளையத்தின் பள்ளம் பாதிதான் தெரிந்தது. இன்னும் இறுக்கியிருந்தால் கப் உடைந்திருக்கும். கழற்றினால், உள்சுவரை ஒட்டி வரிசையாக நிற்க வேண்டிய ஊசி உருளைகளில், அதாவது நீடில்களில், ஒன்று கப்பின் அடியில் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. கெட்டியாக கிரீஸ் தடவி நீடில்களைச் சுவரோடு ஒட்டவைத்த பிறகு கப் தானாக இறங்கியது.

மாட்டி ஓட்டினேன். 'டக்' போய்விட்டது, நடுக்கம் போகவில்லை. டார்ச்சோடு மறுபடி அடியில் படுத்தேன். ஷாஃப்ட்டின் இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இல்லை; ஷாஃப்ட்டின் இரு துண்டுகளும் பல்லோடு பல் கோத்துச் சேரும் ஸ்பிளைனில் இரண்டு மூன்று பல் தள்ளி நிற்கின்றன. ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது அதன் மறுபக்கம் ஒரே சீராகச் சுழலாது. சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். அடுத்த ஜாயின்ட் அதைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் யோக்குகள் நேராக இருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை, கழற்றுமுன் ஸ்பிளைனில் பஞ்ச்சால் அழகாக அடையாளம் வைத்திருந்தேன். முன்பு யாரோ தப்பாக மாட்டியதை, அதே புள்ளியில் அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறேன்!

மறுபடி கழற்றி, யோக்குகளை நேராக்கி, பழைய புள்ளியை அரத்தால் தேய்த்து அழித்தேன். இப்போது நடுக்கம் இல்லை. கையோடு கிராஸையும் திருப்பிப் போட்டதில் கிரீஸ் நிப்பிள் அந்த ஓட்டைப் பக்கம் வருகிறது. இனி கிரீஸ் கன்னின் மூக்கை வெளியிலிருந்தே நுழைக்கலாம்.