எடைக்கு எடை ரொட்டி

மகனுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "இவன் வாய் திறந்து என்னைப் பாட்டின்னு கூப்பிடட்டும், நிபோங் தெபால் அந்தோனியாருக்கு இவன் எடைக்கு ரொட்டி கொடுக்கிறேன்" என்று அம்மா நேர்ந்துகொண்டார். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துக் கோயில் அது. அந்தோனியார் அடக்கமாகியிருக்கும் இத்தாலியின் பதுவையில், தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிய பிள்ளைக்காக அதன் தாய் அவரிடம் வேண்டியதும் இப்படித்தானே! பிள்ளை பிழைத்தால் அதன் எடைக்குத் தானியம் ஏழைகளுக்கு என்றாள், பிழைத்தது. தோட்டத்து லயத்தில் அம்மா கேட்டு வளர்ந்த கதை அது.

இந்த வருஷம் அவன் கூப்பிட்டான். ஜூன் 13 திருநாளுக்கே கிளம்பிவிட்டோம்.

செம்பனைக் காட்டைத் தாண்டியதுமே நெரிசல். காடி நிறுத்த ஒருவன் பத்து வெள்ளி கேட்டான், ரசீதெல்லாம் கிடையாது. மெழுகுவர்த்தி விற்றவரோ, "பெருசா ஏத்துனாத்தான் நேர்ச்சை பலிக்கும்" என்றார். அந்தோனியார் என்ன அளவு பார்த்தா கொடுக்கிறார்? சின்னதே வாங்கினேன்.

வரிசை நகரவே இல்லை. வெயிலில் பையன் சிணுங்க, முன்னால் நின்ற சீனப் பாட்டி தன் குடையை எங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

ஒருவழியாகச் சுரூபத்தின் முன் வந்தோம். பழுப்பு அங்கி, இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சு, லீலி மலர், விரித்த புத்தகத்தின் மேல் குழந்தை இயேசு. அந்தக் காலத்து ஓவியர்கள் அவர் கையில் புத்தகத்தை மட்டும்தான் வரைந்தார்களாம். குழந்தை பல தலைமுறை கழித்து வந்து சேர்ந்தது. ஆனால் குழந்தை இல்லாத அந்தோனியாரை எனக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை.

1231-இல் இறந்தவரின் கல்லறையை 1263-இல் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது. இன்றும் பதுவைக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். ரிமினி நகரில் மனிதர்கள் காது கொடுக்காதபோது மீன்களைத் தலை தூக்கிக் கேட்க வைத்த நாக்கு. பேச்சு வேண்டுமென்றால் வேறு யாரிடம் போய் நிற்பது?

எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் நான் விழிக்க, இடுப்பிலிருந்த பையன் சுரூபத்தையே உற்றுப் பார்த்தான். அப்புறம் சத்தமாக, "தாத்தா, பாப்பா விழும்! புடி!" என்றான்.

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா அழுதார். நானும்தான். சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை அவன் அதுவரை பேசியதே இல்லை. யாரோ "நகருங்கம்மா" என்று தள்ளினார்கள், கால் நகரவில்லை.

பதினாறு கிலோ ரொட்டி வெளியே நிமிஷத்தில் தீர்ந்துபோனது. தமிழர், சீனர், முதியோர், கைக்குழந்தைக்காரிகள் என்று எல்லாரும் வாங்கினார்கள். பத்து வெள்ளிக்காரனும் கை நீட்டினான். அம்மா அவனுக்கு இரண்டாகக் கொடுத்தார்.

கோடி அற்புதரே, உமக்கு நன்றி. குடை பிடித்த பாட்டிக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளும். பேச்சு வராத இன்னும் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள் ஐயா, அவர்களையும் ஒரு தரம் திரும்பிப் பாரும்.