ஹேண்டில் கிடைத்தது, ஃபைல்தான் திறக்கவில்லை

எங்கள் பேக்கப் கருவிக்கு, பெயர் மாறினாலும் ஃபோல்டர் மாறினாலும் அதே ஃபைலை அடையாளம் காண வழி வேண்டியிருந்தது. ஃபைல்சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் தரும் ஐநோடு எண் மட்டும் போதாது; ஃபைலை அழித்தால் அந்த எண் வேறு ஃபைலுக்குப் போய்விடலாம். லினக்ஸ் 2.6.39 முதல் உள்ள நேம்_டு_ஹேண்டில்_அட், ஓப்பன்_பை_ஹேண்டில்_அட் என்ற சிஸ்டம் கால் ஜோடிதான் இதற்குச் சரி: முதலாவது ஃபைலுக்கு ஹேண்டில் என்ற அடையாளத்தைத் தரும், இரண்டாவது அதை வைத்து ஃபைலைத் திறக்கும்.

ஹேண்டில் வாங்குவது எளிது. ஹேண்டிலுக்கான இடத்தின் அளவைச் சொல்லும் ஹேண்டில்_பைட்ஸில் 0 வைத்துக் கூப்பிட்டால் ஈஓவர்ஃப்ளோ (இடம் போதாது) என்ற பிழை வரும். பதற வேண்டாம், தேவையான அளவை அதே இடத்தில் எழுதித் தந்துவிடும்.

திறக்கப் போனபோதுதான் தொல்லை. என் லேப்டாப்பில் சுடோவோடு ஓடியது, சர்வரில் கன்டெய்னருக்குள் (ஹோஸ்டிலிருந்து பிரித்து வைத்த சூழலுக்குள்) ரூட்டாக ஓடியும் ஈபெர்ம், அதாவது அனுமதி இல்லை என்ற பிழை. எந்த அனுமதி இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. ஃபைல் பெர்மிஷன், மவுன்ட் ஆப்ஷன் எல்லாம் பார்த்து நேரம் போனதுதான் மிச்சம். சர்வர் நிர்வாகியோ, "ரூட்தானே, எல்லாம் இருக்கும்" என்று டிக்கெட்டை மூடிவிட்டார். எல்லாம் இல்லை! கன்டெய்னருக்குள் /ப்ராக்/செல்ஃப்/ஸ்டேட்டஸ் திறந்து ப்ராசஸுக்கு உள்ள தனித்தனி அனுமதிகளைப் பிட்களாகக் காட்டும் கேப்எஃப் வரியைப் பார்த்தேன். கடைசி ஹெக்ஸ் இலக்கம் பி, அதாவது பைனரியில் 1011. வலமிருந்து 0, 1, 2 என்று எண்ணினால் 2-ஆம் பிட் 0. ஹேண்டிலால் திறக்கத் தேவையான கேப்_டேக்_ரீட்_சர்ச் அனுமதி அதுதான். இந்த ஈபெர்ம் வந்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

அதைக் கேட்டு வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹேண்டில் வழியாகத் திறக்கும்போது இடையிலுள்ள டைரக்டரிகளின் பெர்மிஷன் சோதனையே நடக்காது. ஹேண்டிலை நாமே தயாரித்தும் கொடுக்கலாம்: ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் ரூட் டைரக்டரியின் ஐநோடு எப்போதும் 2, ஊகிக்கவே வேண்டாம். 2014-ல் இதே வழியில் கன்டெய்னரிலிருந்து ஹோஸ்டின் ஃபைல்களைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் ஹோஸ்டில் அந்த ஒரு அனுமதி மட்டும் உள்ள சின்ன டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) எழுதினேன். அது ஃபைலைத் திறந்து, யூனிக்ஸ் சாக்கெட் வழியாகத் திறந்த ஃபைலின் டிஸ்கிரிப்டரைக் கன்டெய்னருக்குக் கொடுத்துவிடுகிறது. இந்தப் பகுதி மளமளவென்று முடிந்தது.

அப்புறம் இன்னொன்று: ஹேண்டிலோடு வரும் மவுன்ட் ஐடியை (ஃபைல் எந்த மவுன்ட்டில் உள்ளது என்ற எண்ணை) டேட்டாபேஸில் சேமிக்காதீர்கள். ரீபூட் ஆனால் அது மாறலாம். ஃபைல்சிஸ்டத்தின் நிலையான அடையாளமான யூயூஐடியைச் சேமியுங்கள்.

கடைசியாக, ஒரு ஃபைலை அழித்து அதே பெயரில் புதிதாக உருவாக்கி, பழைய ஹேண்டிலைக் கொடுத்துப் பார்த்தேன். புது ஃபைலைத் திறக்காமல் ஈஸ்டேல் (ஹேண்டில் காலாவதி) என்றது. எனக்கு வேண்டியதும் அதுதான்.