என் பையன் வேறொரு குடும்பத்தில் இருந்தான்: ஸ்டீம் ஃபேமிலி அனுபவம்

பிசி அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர் யாராவது "தம்பிக்கு ஐநூறு கேம் இலவசமா ஏத்தித் தர்றேனுங்க" என்றால், பிசியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த ஐநூறு கேமால் என் பையன் சொந்த அம்மாவின் ஸ்டீம் ஃபேமிலிக்குள் வர அடுத்த கோடை விடுமுறை வரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. ஸ்டீம் என்பது பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடை, வாங்கிய கேம்களை ஒரே வீட்டுக்காரர்கள் பகிர்ந்துகொள்ளும் வசதிதான் ஸ்டீம் ஃபேமிலி. எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை, அதனால் அங்கங்கே காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கேம் விளையாடுவது நான்தான். கணவருக்கு சாலிடேர் தாண்டி எதுவும் தெரியாது. ஸ்டீமில் 2015-ல் ரூபாய் விலை வந்தபோது வாங்க ஆரம்பித்தேன், ஒவ்வொரு சேலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததில் லைப்ரரி நன்றாகவே பெருத்துவிட்டது. பழைய ஷேரிங் முறை நினைவிருக்கும், நான் ஒரு கேமைத் திறந்தால் மற்றவர்களுக்கு என் லைப்ரரி மொத்தமும் பூட்டிக்கொள்ளும். 2024 செப்டம்பரில் எல்லோருக்கும் வந்த ஸ்டீம் ஃபேமிலியில் அந்தத் தொல்லை இல்லை. ஆறு பேர் வரை சேரலாம், ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கேம் விளையாடலாம், விளையாடி முடித்த இடத்தைச் சேமிக்கும் 'சேவ்' அவரவருக்குத் தனி. ஒரே பிரதியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்க முடியாது, அவ்வளவுதான். பையனுக்கு பதினாலு வயது, பொண்ணு திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். இனி ஒரே கேமை இரண்டு தடவை வாங்கும் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஃபேமிலி உருவாக்குவதில் ஒன்றும் சிக்கலில்லை, நாலு கிளிக். பையனுக்கு அழைப்பு அனுப்பினேன், அவனால் ஏற்க முடியவில்லை. அவன் ஏற்கனவே ஒரு ஃபேமிலியில் இருக்கிறானாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கணக்கில் அக்கவுண்ட் டீடெயில்ஸ் போய் ஃபேமிலி மேனேஜ்மெண்ட் பக்கத்தைத் திறந்தால், முகம் தெரியாத ஐந்து பேர். மண்டையோட்டுப் படம் வைத்த ஒருவர், கார் படம் வைத்த ஒருவர், மிச்சப் பேருக்குப் படமே இல்லை. அவர்களோடு ஆறாவதாக என் பையன், அதுவும் 'குழந்தை' என்ற பொறுப்பில். மே மாதம் என் கணவரும் பையனும் கடைக்குப் போய் பிசி எடுத்து வந்த அன்றே கடைக்காரர் அவனுக்குக் கணக்குத் திறந்து தன் ஃபேமிலியில் சேர்த்துவிட்டிருக்கிறார். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வீட்டுக்காரர்களா என்று ஸ்டீம் பார்க்கும் என்பது தெரியும், அப்புறம் எப்படிச் சேர்த்தார் என்று யோசித்தேன். கடையின் வைஃபையில், கடையிலேயே உட்கார்ந்து செய்தால் அது ஒரே வீடு மாதிரித்தானே தெரியும்!

கேம் கிடைக்கவில்லை என்பதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்தக் 'குழந்தை' விஷயம். ஸ்டீம் ஃபேமிலியில் பெரியவர்கள் என்று குறிக்கப்பட்ட யாரும் குழந்தையின் கணக்கைக் கட்டுப்படுத்தலாம். எவ்வளவு நேரம் விளையாடினான் என்று பார்க்கலாம், எந்த கேம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யலாம், சாட், ஸ்டோர் எல்லாவற்றையும் திறக்கலாம், மூடலாம். அதாவது என் பையனுக்கு யாரோ ஒரு மண்டையோட்டுக்காரர் கார்டியன். பெற்றவளுக்கு அங்கே எந்த அதிகாரமும் கிடையாது. இன்னொன்று, அவன் பாக்கெட் மணியில் வாங்கிய ஓரிரண்டு கேமும் அந்த ஐந்து பேருக்கும் போய்க்கொண்டிருந்தது. அதில் எவனாவது கேமில் ஹேக் போட்டு ஏமாற்றி ('சீட்' செய்து) மாட்டினால், அந்த கேமில் தடை அவனுக்கு மட்டுமல்ல, பிரதிக்குச் சொந்தக்காரனான என் பையனுக்கும்தான். பெரியவராக இருந்தால் தானாக வெளியேறலாம். குழந்தை தானாக வெளியேற முடியாது, அந்த ஃபேமிலியின் பெரியவர் ஒருவர் நீக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீம் சப்போர்ட் நீக்க வேண்டும். கடைக்காரர் எல்லோரையும் குழந்தையாகச் சேர்ப்பதன் சூட்சுமம் அப்போதுதான் புரிந்தது.

போன் செய்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க மேடம், நல்ல நல்ல கேமா இருக்குது, தம்பி விளையாடட்டும்" என்றார். நீக்கிவிடுங்கள் என்றேன். "சார்கிட்ட பேசிக்கிறேனுங்க." சாருக்கு இதில் தலையும் தெரியாது வாலும் தெரியாது என்று சொன்னேன், பாதியில் கட் ஆனது. அடுத்த தடவை போனை எடுக்கவே இல்லை. நேரில் போனால் கல்லாவில் ஒரு சின்னப் பையன் மட்டும், "அண்ணன் டெலிவரிக்குப் போயிருக்காருங்க, சாயங்காலம் வாங்க." சாயங்காலம் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. காந்திபுரத்தில் அந்த நேரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடிய பாடு தனிக்கதை.

ஒருவரை நீக்க இரண்டு கிளிக் போதும், ஏன் இவ்வளவு இழுக்கிறார் என்று விதிமுறைப் பக்கத்தை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். ஒருவர் வெளியேறினால் அவர் இருந்த இடம் ஒரு வருடத்துக்குப் பூட்டிக்கொள்ளும், புது ஆளை அதில் சேர்க்க முடியாது. என் பையனை நீக்கினால் அடுத்து பிசி வாங்க வருபவருக்கு 'ஐநூறு கேம்' கொடுக்க இவரிடம் அந்த இடம் இருக்காது. இது தெரிந்தவுடன் பேச்சு சுலபமாகிவிட்டது. மறுபடி போய், இந்த முறை ஆளைப் பிடித்து, ஃபேமிலி பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பிசி பில்லையும் காட்டி, பதினாலு வயசுப் பையனுடைய கணக்கை அம்மா அப்பாவைக் கேட்காமல் அந்நியர்கள் கையில் கொடுத்திருக்கிறீர்கள், நான் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, இங்கே நின்றே போன் போடுகிறேன் என்றேன். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் கிராஃபிக்ஸ் கார்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் குரல் கொஞ்சம் பெரிசு. மொபைலை எடுத்தார், தட்டினார், "நீக்கியாச்சுங்க" என்றார். அங்கேயே பையனுக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் நகர்ந்தேன். இந்த மொத்தக் கதையிலும் வயிறு குளிர்ந்த நேரம் அதுதான்.

ஆனால் பாருங்கள், பூட்டு நமக்கும் உண்டு. ஒரு ஃபேமிலியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் முடியாமல் வேறு ஃபேமிலியில் சேரவும் முடியாது, புதிதாக உருவாக்கவும் முடியாது. நான் எதிர்த்து நின்றதாலோ கடைக்காரர் தவறு செய்தார் என்பதாலோ இது குறையாது. கவனிக்க வேண்டியது, கணக்கு *சேர்ந்த* நாளிலிருந்து, வெளியேறிய நாளிலிருந்து இல்லை. பல பேர் "எப்படியும் ஒரு வருஷம் ஆகும், இருந்துவிட்டுப் போகட்டும்" என்று அந்நியர் ஃபேமிலியிலேயே விட்டுவிடுகிறார்கள். இன்றே வெளியே வந்தாலும் அதே தேதிதான், அதனால் உள்ளே இருந்து எந்த லாபமும் இல்லை, சீட் தடைக்கான அபாயம் மட்டும் இருக்கிறது. பிசி பில்லில் இருந்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்தோம். அதுவரை என் பிசியில் முறை வைத்துக்கொண்டு விளையாடினான், என் முறை வரும்போதெல்லாம் அவனுக்கு அப்போதுதான் முக்கியமான லெவல் வரும்.

இடையில் பொண்ணைச் சேர்த்தேன். அவள் ஹாஸ்டலிலிருந்து அழைப்பை ஏற்கப் பார்த்தால், அவள் கணக்கின் நடமாட்டம் இந்த வீட்டோடு பொருந்தவில்லை என்று வந்துவிட்டது. ஒரே வீட்டுக் குடும்பத்துக்கான வசதி என்பதால் அப்படி. பொங்கல் லீவுக்கு வந்தபோது வீட்டு வைஃபையில் லேப்டாப்பில் லாகின் செய்து கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு ஏற்றாள், சேர்ந்துவிட்டது. திரும்ப திருச்சி போன பிறகும் வேலை செய்கிறது. ஆகவே ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அழைப்பு அனுப்பும் வேலையை லீவு வரை தள்ளிப்போடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கும் ஆசை வந்தது, "அக்கா, என்கிட்ட உன்னைவிட நிறைய கேம் இருக்கு" என்று. அவன் கணக்கு சிங்கப்பூர் ஸ்டோரில், எங்களுடையது இந்தியாவில். வேறு வேறு நாட்டுக் கணக்குகள் ஒரே ஃபேமிலியில் சேராது. இருக்கும் நாட்டை மறைக்கிற விபிஎன் போட்டுப் பார்க்கலாமா என்றான். பத்து வருடமாகச் சேர்த்த லைப்ரரியை வைத்து அப்படி விளையாட எனக்குத் தைரியம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மே வந்தது, தேதி தாண்டியதும் அழைப்பு அனுப்பினேன், ஒரு நிமிடத்தில் பையன் உள்ளே வந்துவிட்டான். லைப்ரரியைத் திறந்தவன் முதலில் கேட்டது "அந்தக் கார் ரேஸ் எங்கேம்மா?" என்பதுதான். அவனுக்காகவே சேலில் வாங்கியிருந்தேன். அந்த நிறுவனத்தின் கேம் ஸ்டீமில் திறந்தாலும் அவர்களுடைய சொந்த லாஞ்சரில், அதாவது கேமைத் திறக்கும் அவர்களுடைய தனி ஆப்பில், தனிக் கணக்குக் கேட்கும் வகை. இப்படித் தனிக் கணக்கோ தனி கீயோ கேட்கும் கேம்கள் பெரும்பாலும் பகிர்வில் வராது, பகிர வேண்டாம் என்று தயாரித்தவர்களே விலகிக்கொள்ளலாம். வாங்கும்போது ஸ்டோர் பக்கத்தில் வலது பக்கம் வசதிகள் பட்டியலில் 'ஃபேமிலி ஷேரிங்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். என்னுடையது அந்தக் கெடுவையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது, இப்போது நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காரை நேராக ஓட்ட வரவில்லை.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாடுபவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொரு விஷயம். நான் வாங்கிய மேப்கள் பையனுக்கும் கிடைக்கின்றன, ஏனென்றால் அவன் ஓட்டுவது என் பிரதியை. ஆனால் பிறந்தநாள் காசில் ஐபீரியா மேப்பை அவனே வாங்கப் பார்த்தான், முடியவில்லை. அடிப்படை கேம் சொந்தமாக இல்லாமல் அதற்கான டிஎல்சியை, அதாவது மேப் மாதிரி தனியாக விற்கும் கூடுதல் பகுதியை, வாங்க முடியாது. அவன் காசை என்னிடம் கொடுத்து நான் வாங்கினேன். மேப் இப்போது என் கணக்கில் இருக்கிறது, "நாளைக்கு நான் தனிக் கணக்கா போயிட்டா?" என்று கேட்கிறான், நியாயமான கேள்விதான், என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் மூன்று பேரும் சேர்ந்து பண்ணை வைக்க வேண்டும் என்றால் மூன்று பிரதி வேண்டும் என்று பலர் சொல்வார்கள். ஆளுக்கொரு பிசியில் என்றால் உண்மை. ஒரே பிசியில் திரையைப் பிரித்து விளையாடினால் ஒன்று போதும். பொண்ணு தூரத்தில் இருப்பதால் என் பிசியில் ஓடும் கேமில் இன்டர்நெட் வழியாக அவளும் சேர்ந்துகொள்ளும் ரிமோட் ப்ளே டுகெதரில் அழைத்துவிடுகிறேன், அதற்கும் கூப்பிடுபவரிடம் ஒரு பிரதி இருந்தால் போதும். ஹாஸ்டல் இன்டர்நெட் இரவு பத்துக்கு மேல்தான் உருப்படியாக வருகிறது, அதனால் எங்கள் பண்ணையில் எல்லா வேலையும் நடுராத்திரியில்தான்.

பையனுக்கு இப்போது நான்தான் முறைப்படி கார்டியன். அவன் கார்ட்டில் போட்டு அனுப்பினால் என் மொபைலிலேயே பணம் கட்டிவிடலாம், இது உண்மையிலேயே நல்ல வசதி. பள்ளி நாட்களில் நேர வரம்பு வைத்தேன். அன்றைக்கே இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று கோரிக்கை வந்தது, மறுத்தேன். "அந்த மண்டையோட்டு அங்கிளே பரவாயில்ல" என்றான்.

ஆறில் மூன்று இடம் இன்னும் காலியாக வைத்திருக்கிறேன். யாரையாவது சேர்த்து, பிறகு ஒத்துவராமல் நீக்கினால் அந்த இடம் ஒரு வருடம் வீண் என்பதால் ஆசைக்குச் சேர்க்கக்கூடாது. பொள்ளாச்சியில் இருக்கும் நாத்தனார் மகன் ஒரு இடம் கேட்டான். வேறு வீடு என்பது ஒரு பக்கம், போன தீபாவளிக்கு வந்தபோது ஏதோ ஷூட்டிங் கேமில் சுவர் தாண்டிப் பார்க்கிற ஹேக் போட்டு விளையாடியதை அவனே பெருமையாகக் காட்டியிருக்கிறான், அவன் மாட்டினால் தடை எனக்கும்தான். முடியாது தம்பி என்று நேராகவே சொல்லிவிட்டேன். நாத்தனார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.