பாட்டு நோட்டு: 2017 முதல் 2020 வரை

19 மார்ச் 2017, ஞாயிறு

நேற்று ராத்திரி நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் கச்சேரி. வீட்டுக்கு வந்து படுக்கும்போது மணி மூன்றரை. எட்டு மணிக்கெல்லாம் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "அண்ணே, இனிமே ராஜா பாட்டைப் பாடக் கூடாதாமே, நெசமா?" முதலில் கேட்டது எங்கள் குழுவில் பேடு (எலக்ட்ரானிக் தாளக் கருவி) வாசிக்கிற தம்பி. அடுத்து மைக் செட்காரர். அப்புறம் அடுத்த வாரம் எங்களை புக் பண்ணியிருக்கிற விழாக் கமிட்டித் தலைவர்.

எஸ்பிபி தன் பேஸ்புக் பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்ததால் மகள் படித்துப் படித்துச் சொன்னாள், நான் பாட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். இளையராஜாவின் வக்கீலிடமிருந்து அவருக்கும், மகன் சரணுக்கும், சித்ரா அம்மாவுக்கும், பல ஊர்களில் கச்சேரி நடத்துகிறவர்களுக்கும், அரங்கத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் ராஜாவின் பாடல்களை மேடையில் பாடினால் பெரிய தொகை கட்ட வேண்டியிருக்கும், வழக்கும் வரும் என்று. ஐம்பது வருடம் பாடியதைக் கொண்டாடும் பயணம் இது. போன ஆகஸ்டில் டொராண்டோவில் தொடங்கி ரஷ்யா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று போய் இப்போது அமெரிக்காவில் இருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது ஏன் என்று தெரியவில்லை என்கிறார். எனக்குச் சட்டம் தெரியாது, சட்டம் அதுதான் என்றால் கட்டுப்படுகிறேன், இன்றிலிருந்து ராஜா பாடல்களைப் பாட மாட்டோம், மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பாடுவோம், எப்போதும்போல ஆசீர்வதியுங்கள் என்று முடித்திருக்கிறார்.

எழுதி முடித்தபின் கை கொஞ்சம் நடுங்கியது. இருபத்தாறு வருடமாக அவர் குரலில் பாடித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. பாடுகிற பாட்டில் பாதிக்கு மேல் ராஜா போட்டது. வலது கையும் இடது கையும் சண்டை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது எனக்கு.

20 மார்ச், திங்கள்

எங்கள் ஆர்கெஸ்ட்ரா வாட்ஸ்அப் குழுவில் பதினொரு பேர். காலையிலிருந்து இருநூறு மெசேஜுக்கு மேல் வந்திருக்கும். பேடு தம்பி ராஜா பக்கம், கீபோர்டுக்காரர் எஸ்பிபி பக்கம். மதியத்துக்குள் சாதி வரை போய்விட்டார்கள். சாயங்காலம் தம்பி குழுவை விட்டு வெளியேறிவிட்டான்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. எஸ்பிபி இரண்டாவதாகவும் ஒரு பதிவு போட்டிருக்கிறார். இசைஞானியைப் பற்றி யாரும் கடுமையாகப் பேச வேண்டாம், இது கடவுளின் ஏற்பாடு என்றால் வணங்கி ஏற்றுக்கொள்கிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டிருக்கிறார். எங்கள் குழுவுக்கு வந்த தமிழ் பார்வேர்டில் அந்தப் பதிவே இல்லை. முதல் பதிவிலும் நோட்டீஸ், அபராதம், "ஏன் இப்போது" இவை மட்டும் இருக்கின்றன. கட்டுப்படுகிறேன் என்ற வரி காணோம். மகள் படித்துச் சொல்லியிருக்காவிட்டால் நானும் அந்த வெட்டின துண்டை நம்பித்தான் பேசியிருப்பேன். இரண்டு பதிவையும் முழுசாகத் தமிழில் தட்டச்சு செய்து குழுவில் போட்டேன். ஒருவர் மட்டும் கைகூப்பும் படம் போட்டார். மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ராத்திரி கிட்டார் அண்ணன் வந்தார். அறுபது தாண்டியவர். தேநீர் குடித்துக்கொண்டே பழைய கதை சொன்னார். அறுபதுகளின் கடைசியில் எஸ்பிபி ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அதில் ராஜா முதலில் கிட்டார், பிறகு ஆர்மோனியம். பாஸ்கர் தாள வாத்தியம், கங்கை அமரன் கிட்டார். நம்மைப்போல ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தவர்கள். அதற்கும் முன்னால் ராஜாவும் இந்தப் பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகளும், மூத்தவர் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிக்கொண்டு எங்கள் பக்கமெல்லாம் சுற்றியிருக்கிறார்கள். எங்கள் அப்பா கேட்டிருக்கிறார். "ராஜாவும் எஸ்பிபியும் ஒரே வேன்ல தூங்கினவங்கப்பா," என்றார் அண்ணன். "இதுல நாம யாரு நடுவுல?"

22 மார்ச், புதன்

மதுரையில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். பஸ் செலவு வீண் போகவில்லை.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. பாட்டுக்கு மெட்டுப் போட்டவருக்கும் எழுதியவருக்கும் அதில் உரிமை உண்டு. ஆனால் சினிமாவுக்காகப் பணம் கொடுத்துச் செய்ய வைத்தால் அது தயாரிப்பாளருக்கே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் எத்தனையோ இசையமைப்பாளர்களுக்கும் கவிஞர்களுக்கும் ஒரு பைசா வராமல் போயிருக்கிறது. 2012-இல் சட்டத்தைத் திருத்தி, ராயல்டியில் அவர்களுடைய பங்கை வாரிசுக்கோ உரிமத் தொகை வசூலிக்கிற சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்று ஆக்கினார்கள். மேடையில் பாடுவதற்கு உரிமத் தொகை வசூலிக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் 1969-லிருந்து இருக்கிறது. தொகையைக் கட்டுவது பெரும்பாலும் கச்சேரி நடத்துகிறவர் வேலை. அமெரிக்காவில் அரங்கத்துக்காரர்களே உரிமம் வாங்கி வைத்திருப்பார்களாம். பாடுகிறவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது வழக்கமில்லை.

எங்களுக்கு வேண்டியது 52-ஆம் பிரிவில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். மதச் சடங்கிலோ அரசு விழாவிலோ பாடினால் அது மீறல் ஆகாது. கல்யாண வீடும் அதில் சேர்த்தி. கோயில் திருவிழா மேடை அந்தச் சடங்குக்குள் வருமா? "வாதாடலாம்," என்றார் சிரித்துக்கொண்டே.

என் எண்ணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். ராஜா கேட்பது நியாயம். ஒரு பின்னணி இசையில் ஒரு வயலின் வரியை எழுத அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று அதை மேடையில் வாசிக்க முயன்று தோற்கிற எங்களுக்குத் தெரியும். டிக்கெட் போட்டு நடக்கிற பெரிய கச்சேரியில் அவருக்குப் பங்கு போக வேண்டும். ஆனால் வக்கீல் நோட்டீசுக்கு முன்னால் ஒரு போன் போயிருக்க வேண்டும். அதே மாதிரி எஸ்பிபியும் அமெரிக்காவில் இருந்தபடி பேஸ்புக்கில் எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டிருக்கலாம். தம்பி கங்கை அமரனே அண்ணன் செய்தது சரியில்லை என்று பேட்டி கொடுத்துவிட்டார். ஒரு வீட்டுக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. தெருவில் வந்த பேச்சில் 2012 திருத்தத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

25 மார்ச், சனி

கமிட்டித் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வம்பு வேணாம் தம்பி, ராஜா பாட்டு இல்லாம நடத்துங்க." 52-ஆம் பிரிவை எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் நீங்க கோர்ட்ல சொல்லுவீங்க, சம்மன் எனக்குல்ல வரும்," என்றார். அவர் பயம் அவருக்கு.

மத்தியானம் உட்கார்ந்து பாட்டு நோட்டில் பென்சிலால் அடித்தேன். மொத்தம் நூற்று நாற்பது பாட்டு. அடித்து முடித்தபோது ஐம்பத்தொன்று மிஞ்சியது. பல பக்கங்களில் ஒரு பாட்டுகூட மிச்சமில்லை.

எட்டரைக்குச் சாமி பாட்டோடு ஆரம்பித்தோம். பேடு தம்பி வந்திருந்தான், கீபோர்டுக்காரரோடு பேசாமல் வாசித்தான். எம்.எஸ்.வி. பாடல்களில் கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு மேல் விருப்பச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. சிகரெட் அட்டை, கோயில் ரசீதின் பின்பக்கம், பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள் என்று எல்லாம் அடித்த பாட்டுகளே. ஒவ்வொன்றையும் வாங்கிப் பிரித்துப் பார்த்து மடித்து ஹார்மோனியப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். "அடுத்து பாடுறோம்" என்று மைக்கில் பொய் சொன்னேன்.

பதினொன்றரைக்கு ஒரு பாட்டி மேடைப் படியேறி வந்தார். கையில் சீட்டு இல்லை. இருபது ரூபாய் நோட்டைச் சுருட்டி என் உள்ளங்கையில் திணித்து, பாட்டின் முதல் வரியைக் காதோரம் பாடியே காட்டினார். சுருதி கொஞ்சமும் விலகவில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோது லீவுக்கு வந்தால் இதைத்தான் போடுவானாம். இப்போது அவன் இல்லை. நான் கமிட்டித் தலைவரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

கிட்டார் அண்ணன் கண்ணாலேயே கேட்டு, முதல் கார்டை மீட்டிவிட்டார். பேடும் கீபோர்டும் ஒன்றை ஒன்று பார்க்காமலே சரியான இடத்தில் வந்து சேர்ந்தன. பாட்டி பாதிப் பல்லவி வரை நின்றார், அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். சரணத்தில் எனக்கு மூச்சு பிடிக்கவில்லை. இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுக்க ஆள் அனுப்பினேன், கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

9 ஏப்ரல் 2017, பங்குனி உத்திரம்

இன்றிலிருந்து இரண்டு மாற்றம். ஒப்பந்தத் தாளில் "பாடல் உரிமத் தொகை ஏதும் இருந்தால் விழாக் கமிட்டியின் பொறுப்பு" என்று ஒரு வரி. இன்னொன்று, ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூன்று பேரையும் மைக்கில் சொல்வது. இத்தனை வருடம் படத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பாடியிருக்கிறோம். அது எங்கள் தப்பு. இதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை, பத்து வினாடி போதும்.

நவம்பர் 2018

ராஜா பேசிய வீடியோ வந்திருக்கிறது. பாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பணம் வாங்கிப் பாடுகிறவர்கள் அனுமதி பெற்றுப் பாடுங்கள் என்கிறார். அவர் ஐபிஆர்எஸ்ஸில் இப்போது இல்லை, சினிமா இசைக் கலைஞர்கள் சங்கம் வசூலிக்குமாம். நலிந்த கலைஞர்களுக்குப் போனால் நல்லதுதான். கீழே கருத்துகளைப் படிக்கவில்லை. படிப்பதில்லை என்று முடிவு பண்ணி ஒரு வருடம் ஆகிறது.

மே 2019, கடைசி வாரம்

ஒரு படம். ஒத்திகைக்கு வந்த எஸ்பிபியை ராஜா கட்டிப்பிடித்திருக்கிறார். பேடு தம்பி நள்ளிரவில் அதை எனக்கு அனுப்பினான், ஒரு வார்த்தையும் எழுதாமல். அதே படத்தைக் கீபோர்டுக்காரரும் காலையில் அனுப்பினார். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு குழுவில் போட்டு, அதே படத்தைத் திருப்பி அனுப்பினேன்.

2 ஜூன் 2019, ஞாயிறு

ராஜா பிறந்த நாள் கொண்டாடுகிற நாள். சென்னையில் ஈவிபி பிலிம் சிட்டியில் கச்சேரி, எஸ்பிபி பாடுகிறார், ஜேசுதாஸும் வருகிறார். எங்களுக்கு அன்றைக்கு ஒரு கல்யாண ரிசப்ஷன், போக முடியவில்லை. யாரோ செல்போனில் எடுத்த துணுக்குகளை மண்டப வாசலில் நின்று பார்த்தோம், பதினொரு தலையும் ஒரு போனுக்குள்.

5 ஆகஸ்ட் 2020, புதன்

மார்ச்சிலிருந்து ஒரு கச்சேரி இல்லை. கிட்டார் அண்ணன் தம்பி மகனோடு தக்காளி லோடு ஏற்றப் போகிறார்.

எஸ்பிபி ஆஸ்பத்திரியிலிருந்து பேஸ்புக்கில் பேசியிருக்கிறார். லேசான கொரோனாதான், சளி, விட்டு விட்டுக் காய்ச்சல், வீட்டில் இருந்திருக்கலாம், குடும்பத்தார் பயப்படுவார்கள் என்று வந்து சேர்ந்துவிட்டேன், யாரும் போன் பண்ண வேண்டாம் என்கிறார். குரலில் எந்தக் குறையும் இல்லை. மூன்று முறை கேட்டேன்.

14 ஆகஸ்ட், வெள்ளி

கவலைக்கிடம் என்று ஆஸ்பத்திரி அறிக்கை.

சாயங்காலம் ராஜாவின் வீடியோ. பாலு, சீக்கிரம் எழுந்து வா, உனக்காகக் காத்திருக்கிறேன் என்கிறார். சண்டை போட்டாலும் நட்பு, போடாவிட்டாலும் நட்பு, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்கிறார். மூன்று வருடம் முன்னால் போட வேண்டிய போன் இதுதான் என்று தோன்றியது. இப்போது ஊரே கேட்கிறது, கேட்க வேண்டியவர் மயக்கத்தில் இருக்கிறார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

20 ஆகஸ்ட், வியாழன்

மாலை 6 மணிக்கு எல்லோரும் அவர் பாட்டைப் போட்டுப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று பாரதிராஜா அழைத்திருந்தார். மொட்டை மாடியில் ஸ்பீக்கர் வைத்தேன். தெருவில் நாலு வீட்டில் ஒலித்தது. நாலும் வேறு வேறு பாட்டு.

25 செப்டம்பர் 2020, வெள்ளி

மதியம் 1:04.

எழுத வரவில்லை.

26 செப்டம்பர், சனி

தாமரைப்பாக்கத்தில் அடக்கம். டிவியில் பார்த்தோம். ராஜா பேசியதை மறுபடி மறுபடி போடுகிறார்கள். சீக்கிரம் வா என்று சொன்னேனே, கேட்கவில்லையே, கந்தர்வர்களுக்குப் பாடப் போய்விட்டாயா என்று கேட்கிறார். துக்கத்துக்கு ஒரு அளவு உண்டு, இதற்கு அளவே இல்லை என்கிறார்.

பழைய குழுவில் யாரோ 2017-இன் அந்த வெட்டின பார்வேர்டை மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்தேன், இரண்டு பதிவும் முழுசாக இருக்கிற பக்கத்தை. அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பேடு தம்பி பதில் போட்டான்: "அண்ணே, இத நான் அன்னைக்குப் படிக்கவே இல்ல."

மழை தூறுகிறது. கிட்டார் அண்ணன் லோடு வண்டியிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டார், சட்டையெல்லாம் தக்காளிக் கறை. பாட்டு நோட்டைப் புரட்டி, பென்சிலால் அடித்திருந்த ஒரு பக்கத்தில் நின்று, "இது என்ன சுருதிடா வச்சிருந்தோம்?" என்று கேட்டார்.