பிடியரிசியும் சோளக் கஞ்சியும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் கூடும் சபையைச் சேர்ந்த ஒன்பது குடும்பங்கள், மலாவி நாட்டின் தெற்கே, பெரிய ஏரிக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தின் சிறிய கிறிஸ்தவப் பாடசாலைக்கு ஆறு ஆண்டுகளாக உதவி வருகிறோம். "மலையகத்திலும் வன்னியிலும் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்குப் போகும்போது ஆபிரிக்காவுக்கு எதற்குக் காசு?" என்று எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். அதே குடும்பங்கள் மலையகத்துக்கும் வன்னிக்கும் கொடுக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவிட்டு, என்னை இந்த முயற்சியில் இழுத்துவிட்ட காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முதற்பக்கத்தில், என் பூட்டியின் தாயாருடைய பெயர் ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயராக எழுதப்பட்டிருக்கிறது. அந்த அமெரிக்கப் பெண் யார் என்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில், 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தையும், 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் உடைக்கும் படிப்புக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்பும் கொடையாளிக்கு, அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமையையும் கொடுத்தார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில் வரும் பெயர்களின் முன்னால் நிற்கும் அந்நியச் சொற்கள் அந்தக் காலத்தின் தடங்கள். நாங்கள் கடல் கடந்து வந்த காசில் படித்தவர்களின் வழிவந்தவர்கள். கொடுப்பவரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை வாங்கிய பக்கத்தில் நின்று அறிந்தவர்களும் நாங்களே.

ஆகவே, தொடக்கத்தில் ஒரு குடும்பம் "ஆளுக்கொரு பிள்ளையைத் தெரிந்தெடுப்போம், படமும் கடிதமும் வரட்டும்" என்று சொன்னபோது நான் மறுத்தேன். அதைக் கேட்டவர்களின் மனதில் தீங்கு எதுவும் இல்லை. முகம் தெரிந்தால் கை தாராளமாகும் என்பது உண்மைதான். ஆயினும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் கொழும்பிலிருந்து கடிதம் வந்தால் மற்றவள் என்ன நினைப்பாள்? அந்தப் பகுதியில் எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறைப் பெற்றோரில் பலரைக் கொண்டுபோனது. இன்றும் பல பிள்ளைகள் அம்மம்மாவோடும் பெரியம்மாவோடும் வளர்கிறார்கள். வளர்த்தவர் இறந்தாலோ நோயில் விழுந்தாலோ பிள்ளை வேறோர் ஊர் உறவினரிடம் போய்விடும். அப்போது "என்னுடைய பிள்ளை" எங்கே என்று இங்கே கேட்கத் தொடங்குவோம், அடுத்த மாதம் பணம் நின்றுவிடும். இரண்டு மாலைகள் விவாதித்த பிறகு, காசு முழுவதும் கஞ்சிப் பானைக்கும் இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்துக்குமே போக வேண்டும் என்று முடிவாயிற்று.

கஞ்சிப் பானை என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. மலாவியில் 1994 முதல் தொடக்கக் கல்வி இலவசம். கட்டணம் நீங்கியவுடன் வகுப்புகள் நிரம்பி வழிந்து, மரநிழலிலும் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. ஆனால் இலவசக் கல்வி வயிற்றை நிரப்பாது. அங்கே சோளமே சோறு. சித்திரை, வைகாசியில் அறுவடையான சோளம் மார்கழியோடு பல வீடுகளில் தீர்ந்துவிட, ஜனவரி முதல் மார்ச் வரை பஞ்ச மாதங்கள். அந்த மாதங்களில் பாடசாலையில் காலையில் ஒரு கோப்பைக் கஞ்சி கிடைக்கும் என்றால் பிள்ளைகள் வருவார்கள், இல்லையென்றால் கூலி வேலைக்குப் போகும் பெரியவர்களோடு வயலுக்குப் போய்விடுவார்கள். சோள மாவையும் சோயா மாவையும் சேர்த்துக் காய்ச்சும் அந்தக் கஞ்சியைச் சிச்சேவா மொழியில் 'பாலா' என்கிறார்கள். நம் தாய் சேய் நிலையங்களில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவின் உறவு என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் மாதாமாதம் ஒழுங்காக அனுப்பினோம், அதைப் பற்றிப் பெருமையும் பட்டுக்கொண்டோம். அது தவறு என்று தலைமை ஆசிரியை மிகுந்த மரியாதையோடு எழுதிய கடிதத்தில்தான் விளங்கியது. அறுவடை முடிந்தவுடன் சோளம் மலிவு. பெப்ரவரியில் அதே மூட்டைக்கு அநியாய விலை. மாதக் காசை வைத்து மாதச் சோளம் வாங்கினால், பசி மிகுந்த காலத்தில் மிகக் குறைவாகத்தான் வாங்க முடியும். ஓராண்டுக் கஞ்சிக்கான பணத்தை மே மாதத்தில் ஒரே தடவையாக அனுப்பினால், சோளத்தைக் காயவைத்து, வண்டு அரிக்காமல் சேமித்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் நெல்லை மூட்டை கட்டி வைத்த வீட்டில் பிறந்த எனக்கு இது தானாகத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

2022 இல் எங்கள் ஒழுங்கெல்லாம் குலைந்தது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பும் படிவத்தோடு வங்கிக்குப் போன என்னை, அங்கிருந்த அதிகாரி "அக்கா, மருந்து இறக்கவே டொலர் இல்லை" என்று திருப்பி அனுப்பினார். நான்கு மாதங்கள் எதுவும் போகவில்லை. வெட்கத்தோடு விளக்கம் எழுதினேன். பதில் வந்தது: பெற்றோல் வரிசைகளை வானொலியில் கேட்டோம், காலை வழிபாட்டில் பிள்ளைகள் இலங்கைக்காக மன்றாடுகிறார்கள், சம்பளத்தில் ஒரு பகுதியை ஆசிரியர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை ஆலயத்தில் வாசித்தபோது சிலர் அழுதார்கள். எனக்கு அழுகையைவிடக் கூச்சமே மிகுதியாக இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர்களுடைய நாணயமான குவாச்சாவின் பெறுமதி குறைக்கப்பட்டு, டொலரின் விலை அங்கே ஒரேயடியாக 44 சதவீதம் உயர்ந்தது; இம்முறை நாங்கள் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஏரிக்கரையில் வாழும் யாவோ மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களுடைய பிள்ளைகளும் எங்கள் பாடசாலைக்கு வருகிறார்கள். பாட்டும் செபமும் இருக்கும் பாடசாலை அது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கஞ்சிக்கும் ஞானஸ்நானத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கக்கூடாது என்று முதலிலேயே எழுதிக்கொண்டோம். வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டது அங்கே படிப்பு மோசமாக இருந்ததால் அல்ல. ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்று வெளியேறியவர்களில் மதம் மாறியோரும் சுவிசேஷப் பணிக்கு வந்தோரும் போதாது என்று அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு கருதியதும் அதற்கு ஒரு காரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரையும் பயிற்றிய கூடம், கடலுக்கு அப்பால் மனம் மாறியதால் முடிந்தது. அதன் இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழ 1872 வரை காத்திருக்க நேர்ந்தது. அதனால்தான் எங்கள் உடன்பாட்டில், நிறுத்த நினைத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. அந்த வரிக்குச் சம்மதிக்காமல் ஒரு குடும்பம் விலகியதும் உண்டு.

என் அம்மம்மா உலைக்கு அரிசி அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி மூலையிலிருந்த சிறு பானைக்குள் போடுவார். ஞாயிறன்று அந்தப் பிடியரிசி ஆலயத்துக்குப் போகும். அது யார் வயிற்றுக்குப் போனது என்று அவர் விசாரித்ததை நான் கண்டதில்லை. கொழும்பு அடுக்குமாடியில் பானைக்கு இடமில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் சமையலுக்கு முன் என் மகன் அதில் காசு போடுகிறான். மே மாதத்துக்கு இன்னும் பதினொரு வாரங்கள் இருக்கின்றன, சென்ற ஆண்டு இதே நாளில் இருந்ததைவிடத் தகரம் கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கிறது.