ஐகானின் டேப்பெட் சத்தம் அடங்கிய கதை

நேற்றுக் காலை வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இரண்டு விநாடி 'டிக் டிக்' என்றது, அப்புறம் அமைதி. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை நிமிர்ந்து, "என்னப்பா, தையல் மெஷின் சத்தம் நின்னுடுச்சு?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஒன்றரை மாதம் அலைந்திருக்கிறேன்.

வண்டி 2004 மாடல் ஃபோர்டு ஐகான், 1.6 ரோகாம் இன்ஜின். மறைமலை நகரில் செய்த வண்டி. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்கள், அந்தப் பேருக்குக் குறைவில்லாமல் இன்றைக்கும் இழுக்கும். மச்சானிடமிருந்து வாங்கி நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாக் கஷ்டமும் அங்கேதான் ஆரம்பம்.

தை அறுவடை சமயத்தில் சத்தம் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது. கும்பகோணத்திலிருந்து குத்தாலம் போகும்போது ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக இரண்டாவது கியரில் ஊர்ந்தால், பக்கத்துச் சுவரில் பட்டு 'டக் டக் டக்' என்று திரும்பி வருகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகமாகிறது. இன்ஜின் சூடானாலும் நிற்கவில்லை. காலையில் மட்டும் ஓரிரு விநாடி கேட்டு நின்றால் பயமில்லை. சூடான பிறகும் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

நான் முதலில் போன பட்டறையில் "டேப்பெட் செட்டிங் போயிருக்கு, அரை மணி நேர வேலை" என்றார்கள். டேப்பெட் என்பது வால்வுகளைத் திறக்கும் அமைப்பில் இருக்கும் சின்ன உருளை, அங்கே இடைவெளி விழுந்தால் இந்தச் சத்தம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு டேப்பெட் கவரைத் திறந்தார்கள். இந்த இன்ஜினில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பெட். உள்ளே ஒரு சின்ன பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு. ஆயில் பிரஷர் உள்ளே புகுந்து பிளஞ்சரைத் தூக்கி, இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். திருகுவதற்கு அதில் ஸ்க்ரூவே கிடையாது. அவர்கள் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பழைய பேக்கிங்கையே வைத்துக் கவரை மூடிவிட்டு, "கெட்டி ஆயில் ஊத்தினா சரியாகிடும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றி 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சத்தம் இன்னும் அதிகம். கெட்டி ஆயில் டேப்பெட்டின் சின்னத் துளைகள் வழியாக ஏறவே நேரம் எடுக்கிறது. போதாக்குறைக்கு ஹெட் ஓரமாக ஆயில் கசிவு வேறு. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. பணத்தை விடுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

ஆடுதுறையில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று நண்பன் சொன்னான். டிராக்டர், பம்ப்செட் இன்ஜின் எல்லாம் பார்ப்பவர். வண்டியைக் கொண்டுபோனதும் அவர் பானெட்டைத் திறந்து கையைக்கூட வைக்கவில்லை. ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனையை டேப்பெட் கவர் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். அப்புறம் எக்ஸாஸ்ட் பக்கம். "மேனிஃபோல்டு பேக்கிங் லீக் ஆனாலும் இதே மாதிரிதான் சத்தம் வரும் தம்பி. ஆனா அது சூடானா குறையும். இது குறையல. மூணாவது சிலிண்டர்ல ஒண்ணு, நாலாவதுல ஒண்ணு."

கவரைத் திறந்து, கேமின் (வால்வுகளைத் திறக்கச் சுற்றும் தண்டு) முட்டு மேலே திரும்பியிருக்கும் இடமாகப் பார்த்து, வால்வை அமுக்கும் நெம்புகோலான ராக்கரை விரலால் அமுக்கச் சொன்னார். நல்ல டேப்பெட் கல் மாதிரி இருந்தது. மூன்றாவது சிலிண்டரில் அமுக்கினால் பொதபொதவென்று உள்ளே போகிறது. நாலாவதில் ஒன்று அதே கதை, இரண்டாவதில் ஒன்று பாதிக் கதை. காது இரண்டைச் சொன்னது, விரல் மூன்றைக் காட்டியது. நீங்கள் யாரிடம் போனாலும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பைசா செலவில்லை.

மொத்தம் 8 டேப்பெட். மூன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மீதி ஐந்தும் அதே அழுக்கு ஆயிலைக் குடித்தவைதானே என்றார். சரி, எட்டையும் மாற்றுவது என்று முடிவு.

நான் செய்த பெரிய தப்பு இங்கே. திருச்சியில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்கு போன் போட்டு "ஃபோர்டு 1.6 டேப்பெட் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு, வாங்க" என்றார்கள். தஞ்சாவூர் வழியாக பஸ்ஸில் போய், பணம் கட்டி, வாங்கிக்கொண்டு வந்தேன். ஆடுதுறையில் டப்பாவைப் பிரித்தால் உள்ளே தொப்பி மாதிரி கவிழ்ந்த கிண்ணங்கள். ஃபியஸ்டா 1.6 இன்ஜினில் வருபவை, ஹைட்ராலிக்கே இல்லை. அதுவும் ஃபோர்டு, அதுவும் 1.6, ஆனால் இன்ஜின் வேறு. அட்டையைக் கிழித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஐகானிலேயே பழைய 1.3 வேறு சாதி, அது நீளக் கம்பியால் வால்வைத் திறக்கும் புஷ் ராட் இன்ஜின். ஆகவே கடையில் 'ஐகான்' என்று மட்டும் சொன்னாலும் போதாது. 'ரோகாம்' என்று சொல்லுங்கள். அதைவிட, பழைய டேப்பெட் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள்.

அடுத்த முறை அப்படித்தான் போனேன். ஒன்றைத் துணியில் சுற்றி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரவு உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூரில் இறங்கினேன். அங்கிருந்து நடந்தே புதுப்பேட்டை. ஐகான் டேப்பெட் என்றதும் மூன்று பேர் கூப்பிட்டார்கள், எல்லாம் பிரித்த இன்ஜினிலிருந்து எடுத்தவை. விலை குறைவுதான், மனசு ஆசைப்பட்டது. ஒன்றை விரலில் வைத்து அமுக்கினேன், என்னுடையது மாதிரியே உள்ளே போனது. பழைய ஹைட்ராலிக் டேப்பெட்டை வாங்காதீர்கள், உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

ஜி.பி. ரோட்டில் ஏழாவது கடையில்தான் புதுசு கிடைத்தது. கடைப் பையன் என் பழைய டேப்பெட்டை வாங்கிப் பக்கத்தில் நிறுத்தி உயரம், தடிமன், ஆயில் துளை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தான். ஆனால் இருந்தது 6 மட்டும். மீதி இரண்டை வரவழைத்து ஆம்னி பஸ் பார்சலில் அனுப்புவதாகச் சொன்னான். நம்பிப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. அந்தப் பையன் நன்றாயிருக்கட்டும்.

கழற்றும் வேலை பெரியவர் கையில் சுலபமாகவே முடிந்தது. கேமைத் தொடவில்லை. வால்வு ஸ்பிரிங்கைக் கொஞ்சமாக அமுக்கி, ராக்கரை நழுவவிட்டு, டேப்பெட்டைக் காந்தத்தால் தூக்கினார். ஸ்பிரிங்கை அமுக்கும்போது அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கக் கூடாது, வால்வு போய் முட்டும். பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். ஆயில் இறங்கும் ஓட்டைகளையெல்லாம் துணியால் அடைத்தார். ராக்கர்களை அட்டையில் நம்பர் போட்டு வரிசையாகக் குத்தி வைத்தார், எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போகவேண்டும். மூன்றாவது சிலிண்டர் டேப்பெட்டைப் பிரித்தபோது, உள்ளே கருத்த வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. குண்டு அசையவே இல்லை.

புது டேப்பெட்டுகளை எவர்சில்வர் டம்ளரில் புது ஆயில் ஊற்றி நிற்கவைத்து, மெல்லிய கம்பியால் மேல்துளை வழியாகக் குண்டைத் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றினோம். குமிழி நின்று பிளஞ்சர் விறைத்ததும் ஒவ்வொன்றாக மாட்டினார். புது பேக்கிங், புது ஃபில்டர், புத்தகத்தில் சொன்ன 5டபிள்யூ-30 ஆயில்.

இன்ஜினை ஸ்பேனரால் கையாலேயே முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றினார். எங்கும் முட்டவில்லை. பெரியவர் டீ குடிக்கப் போனார். மறுநாள் மாசி மகம், ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வண்டி வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. சாவியைத் திருப்பினேன்.

செல்ஃப் சர்ரென்று லேசாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. கம்ப்ரஷனே இல்லாத இன்ஜின் சுற்றும் சத்தம் அது. வால்வு வளைந்துவிட்டது, ஹெட்டையே இறக்கவேண்டும் என்று நினைத்துக் கை நடுங்கியது. திரும்பி வந்த பெரியவர் கோபப்படவில்லை. "டேப்பெட் எட்டும் ரொம்பி விறைச்சு நிக்குது தம்பி. வால்வை மூட விடல. ஸ்பிரிங் அமுக்கி அமுக்கி அதுவா இறங்கும். ராத்திரி பூரா விடு." பெட்ரோலில் நனைந்திருந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்தார்.

அன்றிரவு தூக்கமில்லை. காலையில் முதல் பஸ்ஸில் ஆடுதுறை போனேன். ஃப்யூல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடித்தார். ஃப்யூஸைத் திரும்ப மாட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். முதல் சுற்றிலேயே பிடித்தது. தடதடவென்று பயங்கரச் சத்தம். "அணைக்காத, 2,000 ஆர்.பி.எம்.ல பிடி" என்றார். ஒவ்வொன்றாகக் குறைந்தது. நாலாவது நிமிஷம் ஒன்று மட்டும் பாக்கி, எட்டாவது நிமிஷம் அதுவும் நின்றது. பெரியவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். செயின் ஓடும் சீரான இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

மகாமகக் குளத்துப் பக்கம் கூட்டம் தாங்காது என்பதால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு எல்லாரும் நடந்துதான் தீர்த்தவாரிக்குப் போனோம். இதுவரை 300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டேப்பெட் கவர் ஓரம் காய்ந்து கிடக்கிறது. பழைய ஆயிலின் கழிவு இன்னும் உள்ளே இருக்கும், 1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடு என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். தேதியைக் கவர் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்துவிட்டேன்.